அத்திப்பட்டு காயலான் கடையில் தோட்டா உறை கிடைக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய பித்தளை வைத்திருப்பவர்கள், தெருமுனையில் காயலான் கடை இருப்பவர்கள், கும்மிடிப்பூண்டி பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

போன மாதம் என்னோடு எம்.பி.பி.எஸ். படித்த நண்பன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பழைய ரைபிள். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகரத்தில் செய்த மான்லிக்கர், 1895 மாடல். ஏலத்தில் எடுத்திருக்கிறான். அவன் இருப்பது டெக்சாஸ், அங்கே இது சாதாரண விஷயம். ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆளுங்க கிரிக்கெட் ஆடப் போற மாதிரி, அங்கே சுடப் போவாங்க.

படத்துக்குக் கீழே ஒரு வாய்ஸ் நோட். "மச்சி, நீ அத்திப்பட்டுல தானே கிளினிக் வச்சிருக்க? சுத்தி முழுக்க ஸ்கிராப் யார்டு தானே? இதோட தோட்டா உறை, பித்தளை, எட்டு எம்.எம். ஒரு நூறு கிடைக்குமா பாருடா. இந்தியாவுல தான் இன்னும் இதைச் செய்யறாங்களாம்."

(சிட்டிசன் படத்து அத்திப்பட்டி இல்லைங்க. அது கதை. இது அத்திப்பட்டு. மீஞ்சூர் பக்கம், அனல் மின் நிலையம் பக்கம், கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் நிற்கிற ஊர். நாங்க இன்னும் மேப்புல இருக்கோம்.)

அவன் கேட்டதில் ஒரு ஆச்சரியமான உண்மை இருக்கு. அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

ஆங்கிலேயர் காலத்தில் ராணுவ ரைபிளின் தோட்டா .303. அதே அளவு துப்பாக்கி பொதுஜனத்திடம் இருந்தால், ராணுவத்திலிருந்து திருடுபோன தோட்டா அதில் கச்சிதமாகப் பொருந்திவிடும். 1857-ஐ மறக்காத அரசுக்கு அது பிடிக்குமா? அதனால் சிவிலியன்களுக்கு வேறு அளவு. மேற்கு வங்கத்தின் இச்சாபூர் ரைபிள் ஃபேக்டரி செய்து வந்த .315 ரைபிள் அப்படி வந்தது. அந்த .315-க்கு எடுத்துக்கொண்ட தோட்டா எது தெரியுமா? பழைய ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் மான்லிக்கர் தோட்டா. அதன் சொந்த ஊரில் 1930-களில் ஏராளமான துப்பாக்கிகளை வேறு தோட்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அருகிப்போன ஒன்று இங்கே லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயி வீட்டு அலமாரியில் உயிரோடு இருக்கிறது.

இதே கதைதான் யானை, காட்டெருமை வேட்டைக்கான பெரிய .450 ரகத்துக்கும். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இந்தியாவில் அதைத் தடுத்தார்கள். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் புதுப்புது அளவுகளில் செய்து விற்றன. இன்று உலகத்தில் அரிய தோட்டாவுக்கு உறை தேடி அலைகிறவர்களில் பல பேருக்கு அந்த அலைச்சலைக் கொடுத்தது இந்தியாவில் போட்ட ஒரு தடை உத்தரவு. என் நண்பனுக்கு இதைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டான். "அப்போ உறை?" என்றான்.

உறை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு தோட்டாவில் நாலு சமாசாரம். நுனியில் பறக்கிற குண்டு. உள்ளே மருந்து (என் மருந்து இல்லை, வெடிமருந்து). அடியில் பிரைமர் என்று ஒரு சின்ன மூடி, நம்ம தீபாவளிப் பொட்டு வெடி மாதிரி, தட்டினால் தீப்பொறி வரும். இந்த மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் குப்பிதான் உறை. சுட்ட பிறகு மிஞ்சுவது அது மட்டும்தான். வெளிநாடுகளில் அதைத் திரும்ப எடுத்து, அளவு சரிசெய்து, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். கடையில் கிடைக்காத அரிய ரகம் என்றால் இதைவிட்டால் வழியே இல்லை. அதனால் அவர்களுக்குக் காலி உறை என்பது தங்கம் மாதிரி.

நண்பனுக்கு நான் சொன்ன பதில்: முடியாது.

சட்டத்தைச் சீக்கிரம் சொல்லிடறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பார்வையில் தோட்டாவின் பாகங்களும் தோட்டாதான். மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் சின்னப் பாகம் ஒன்றை வைத்திருந்தால் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. மாமா மிலிட்டரியிலிருந்து கொண்டுவந்து ஷோகேஸில் வைத்த காலி உறை அந்தக் கணக்கு. நூறு உறை சேகரித்து, திரும்ப நிரப்புவதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த விலக்கு எப்படிப் பொருந்தும்? ஏற்றுமதிக்குத் தனி லைசென்ஸ் வேறு. இதுக்கு மேல நான் வக்கீல் வேலை பார்க்கல.

ஆனா நான் மறுத்ததுக்குச் சட்டம் முதல் காரணம் இல்லை.

தோட்டா உறைக்குப் போடுகிற பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். சுடும்போது கொஞ்சம் விரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும், அடுத்த நொடி சுருங்கி வெளியே வரும். இரும்பு அவ்வளவு நளினமாகச் செய்யாது. ஆனால் இந்தப் பித்தளைக்கு ஒரு எதிரி உண்டு. ஆங்கிலேய ராணுவம் இந்தியாவில்தான் அதைக் கண்டுகொண்டது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே, விரிசல் விட்டுக் கிடந்தன. மழை சீசனில் வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா என்று 1921-இல் மூன்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். இழுத்து வளைத்துச் செய்த பித்தளைக்குள் ஒரு இறுக்கம் இருக்கும். ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அந்த இறுக்கம் வெடிப்பாக மாறும்.

அம்மோனியா என்றால் என்ன என்று எங்க பக்கத்து ஜனங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதனால, கடலோரக் காற்றில், எந்த மழையில் எத்தனை வருஷம், எதோடு சேர்ந்து கிடந்தது என்று தெரியாத ஒரு உறை, பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். அதில் மருந்து நிரப்பிச் சுடுகிறவனின் கண்ணுக்கும் அந்த உறைக்கும் நடுவில் இருப்பது சில அங்குலம். "உனக்குக் கண்ணு வேணுமா, மான்லிக்கர் வேணுமா?" என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஏன்னா எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு சாயங்காலம். இருபது வயசு இருக்கும். பீகார். இடது கண் சிவந்து வீங்கி, வலது கையில் துண்டு சுற்றி. கூட வந்தவர், "குக்கர் வெடிச்சிடுச்சு டாக்டர்" என்றார். எப்போ? "நேத்து மத்தியானம்."

குக்கர் வெடித்தால் ஆவியில் வெந்த தோல் இருக்கும். இங்கே வெந்த தோல் இல்லை. கை முழுக்கப் பொடிப்பொடியாகக் கிழிசல், விரல் ஓரத்தில் கறுப்பு. எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னேன். கையில் நாலு இடத்தில் வெள்ளைப் புள்ளி. கண் குழியில் ஒன்று.

கூட வந்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். ஸ்கிராப் குவியலில் பித்தளை முனை ஒன்று, துருப்பிடித்த இரும்போடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. பித்தளைக்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை. பிரித்தெடுக்க உளியை வைத்துச் சுத்தியால் தட்டியிருக்கிறான். குழாய் முனை என்று நினைத்தானாம். ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். "போலீஸ் பகட் லேகி" என்றான். போலீஸ் பிடிச்சிடும். அவனுக்கு அவன் கண்ணைவிட அதுதான் பயம்.

சினிமாவில் காட்டுற மாதிரி, துப்பாக்கிக்கு வெளியே வெடிக்கிற தோட்டாவிலிருந்து குண்டு நேராகப் பாயாது. குழாயின் பிடிப்பு இல்லாததால் பித்தளை உறைதான் கிழிந்து சில்லு சில்லாகப் பறக்கும். கைக்கும் கண்ணுக்கும் அதுவே போதும். கண்ணுக்குள் போன பித்தளை சும்மா இருக்காது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கண் திசுக்களில் படியும். லென்ஸில் சூரியகாந்திப் பூ மாதிரி ஒரு படலம் விழும். விழித்திரை கெடும். இதுக்கு சால்கோசிஸ் என்று பேர். கிருமி புகுந்தால் இதெல்லாம் வர வாரக்கணக்கு ஆகாது, நாள் கணக்கிலேயே கண் போய்விடும். அதனால்தான் கண்ணுக்குள் துண்டு போனால் 24 மணி நேரத்துக்குள் எடுக்கப் பார்க்க வேண்டும் என்கிறோம். இவன் வந்தபோது அந்த 24 மணி நேரம் தாண்டியிருந்தது.

டி.டி. ஊசி போட்டு, கண்ணை அழுத்தாமல் மூடி, 108-இல் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். 1819-இல் தொடங்கின ஆஸ்பத்திரி அது, இந்த மாதிரிக் கண்கள் எத்தனையோ பார்த்திருக்கும். கைக்கு ஸ்டான்லி. கை அறுவைச் சிகிச்சைக்கு வட சென்னைக்காரங்க குடுத்து வச்சவங்க. எம்.எல்.சி. எழுதினேன், போலீஸுக்குத் தகவல் போனது. எழுதியே ஆகணும், அதில் எனக்கு வேற வழி கிடையாது. எழுதும்போது அவன் என் பேனாவையே பார்த்துக்கிட்டிருந்தான்.

துண்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரியும், கை அசைந்தால் தெரியும், அவ்வளவுதான். ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. ஊருக்குப் போய்விட்டான்.

அவன் தட்டியது சின்னத் தோட்டா. பெரிய குண்டாக இருந்தால் கதையே வேறு. 2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் பக்கம் ஒரு எஃகு ஆலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த ராணுவக் குண்டு வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். நம்ம ஊரில், 2019 ஆகஸ்டில் திருப்போரூர் பக்கம் மானாம்பதியில் கோயில் குளத்தைத் தூர்வாரின இளைஞர்களுக்கு ஒரு மர்மப் பொருள் கிடைத்தது. என்னவென்று திறந்து பார்க்கப் போய் வெடித்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள்.

இதைத் தடுக்க விதி இருக்கா? இருக்கு, நல்ல விதி. பழைய உலோகம் இறக்குமதி செய்ய, ஏற்றும் இடத்திலேயே சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆயுதம், வெடிகுண்டு, தோட்டா, கதிரியக்கப் பொருள் எதுவும், பயன்படுத்தியதோ பயன்படுத்தாததோ, எந்த வடிவத்திலும் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். கவனிச்சீங்களா, பயன்படுத்திய தோட்டா உறையும் கூடாது. என் நண்பன் தங்கமாக நினைக்கிற பொருளை நம்ம விதி குண்டோடு சேர்த்து வைத்திருக்கிறது. சரியான முடிவு என்பேன். குவியலில் ஆயிரம் காலி உறை கிடந்தால், நடுவில் ஒரு காலியாகாத உறையை யார் கண்டுபிடிப்பது?

ஆனால் அந்தச் சான்றிதழ் துறைமுக கேட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு லாரி, யார்டு, சின்ன யார்டு, காயலான் கடை. உள்ளூரில் வீடு காலி செய்யும்போது எடைக்குப் போடுகிற சரக்குக்குச் சான்றிதழும் கிடையாது. கடைசியில் சுத்தியல் பிடிக்கிறவன் கையில் இருப்பது ஒரு ஜோடி ஹவாய் செருப்பு பலம்தான். கண்ணாடி கூட இல்லை.

காலி உறைதானே, தீங்கில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. பழைய பாணி பிரைமரில் காரீயம் கலந்த ரசாயனம் இருக்கும். சுட்ட பிறகு அதன் கரி உறைக்குள் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் விசில் ஊதுகிற பொருள் இல்லை அது. (நான் பார்த்திருக்கிறேன், ஊதுவார்கள்.) குழந்தையின் ரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாம. அந்த ரெண்டும் சேர்ந்தே இருக்கும் பொருள் இது.

உருக்கும் இடத்தில் இன்னொரு கதை. பித்தளை உருகும் சூடும் துத்தநாகம் கொதிக்கும் சூடும் கிட்டத்தட்ட ஒன்று, 900 டிகிரியைத் தாண்டி. வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தவருக்கு அன்று ராத்திரி குளிர் ஜுரம், உடம்பு வலி, வாயில் இரும்புச் சுவை. மறுநாள், அதற்கடுத்த நாள் தானாகச் சரியாகிவிடும். வாரம் முழுக்க வேலை செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் போனால் மறுபடி வரும். 'திங்கட்கிழமை காய்ச்சல்' என்றே இதுக்குப் பேர் உண்டு. நாங்க டாக்டருங்க டைபாய்டா, மலேரியாவான்னு பார்த்து ஆன்டிபயாட்டிக் எழுதிடறோம். என் சக மருத்துவர்களுக்கு: இந்தப் பக்கத்தில் திங்கட்கிழமை ஜுரத்தோடு ஒரு ஆண் வந்தால், முதலில் என்ன வேலை என்று கேளுங்க.

இப்போ நான் சொல்ல வந்தது.

யார்டில் தோட்டாவோ குண்டோ கிடைத்தால் தகவல் சொல்கிறவர் சாட்சி. குற்றவாளி இல்லை. இதை மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் வாயைத் திறந்து, எழுத்தில், இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் தமிழிலும் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் கேட்டில் படத்தோடு ஒட்ட வேண்டும். தெரியாமல் கையில் இருந்ததும் தெரிந்தே வைத்திருந்ததும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறது. அதாவது சட்டத்தில் இடம் இருக்கு. அந்தப் பையனுக்குத் தெரிந்த சட்டத்தில்தான் இடமில்லை.

போலீஸ் சந்தேகப்படுவதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2006-இல் ஆந்திராவில் மாவோயிஸ்டுகளுக்குப் போன ராக்கெட் பாகங்கள் நம்ம அம்பத்தூர்ப் பட்டறைகளில் தயாரானவை. தொழிற்பேட்டை என்றால் கண் வைக்கத்தான் செய்வார்கள். ஆனால் ஆயுதம் பதுக்குகிறவன் 112-க்கு போன் செய்து "வந்து எடுத்துட்டுப் போங்க" என்று சொல்ல மாட்டான். சொல்கிறவனை மிரட்டினால், அடுத்தவன் சொல்ல மாட்டான், சுத்தியலால் தட்டிப் பார்ப்பான், இல்லை உலையில் போடுவான்.

ஓனர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கு. தகவல் கொடுத்தால் யார்டு முழுக்கப் பல நாள் பூட்டு விழும் என்ற பயம். கிடைத்த பொருளைச் சுற்றி மட்டும் தடுத்து, வெடிகுண்டு நிபுணர்கள் எடுத்துப்போன பிறகு மீதியைத் திறந்துவிட்டால் ஓனரே முதல் ஆளாக போன் செய்வார். ஒரு நாள் வியாபாரம் போவதை அவரும் பொறுத்துக்கொள்வார். பத்து நாள் போனால் பொறுக்க மாட்டார், மூடி மறைப்பார். மனுஷ சுபாவம்.

நீங்க என்ன செய்யணும்னா, பித்தளையில் குப்பி மாதிரி, அடியில் வட்டமாக ஒரு பொட்டு, நுனியில் கூம்பு இருந்தால் தொடாதீங்க. தட்டாதீங்க, சூடு காட்டாதீங்க, தண்ணி பக்கெட்டில் போடவும் எடுக்காதீங்க. ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டு 112. காயம் பட்டால் 108. குத்தியிருக்கிற துண்டைப் பிடுங்காதீங்க. கண் என்றால் கசக்காதீங்க, கழுவாதீங்க, சொட்டு மருந்து எதுவும் விடாதீங்க, ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து மேலே ஒட்டிக் கூட்டிட்டு வாங்க. எக்ஸ்ரேயோ சி.டி.யோ பார்க்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்க விடாதீங்க. பித்தளையைக் காந்தம் இழுக்காது, ஆனா உள்ளே இருப்பது பித்தளை மட்டும்தானா என்று யாருக்குத் தெரியும். முக்கியமா, டாக்டர்கிட்ட குக்கர் கதை சொல்லாதீங்க.

தாத்தாவோ மாமாவோ வைத்துவிட்டுப் போன உறை வீட்டில் இருந்தால், பிரைமரில் அடிபட்ட குழி இருக்கா என்று நீங்களே கிட்டத்தில் வைத்து ஆராய்ச்சி பண்ண வேண்டாம். காயலான் கடையில் எடைக்குப் போடவும் வேண்டாம். அது உங்க வீட்டுப் பிரச்சினையை இன்னொரு பையன் சுத்தியலுக்குக் கீழே தள்ளிவிடுகிற வேலை. லோக்கல் ஸ்டேஷனில் சொல்லி ஒப்படைங்க. ஸ்டேஷனுக்குத் தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகாதீங்க, அவங்களை வரச் சொல்லுங்க.

நண்பனிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. அவனுக்கு நாட்டில் புது உறை செய்கிற கம்பெனிகள் இருக்கு, விலை ஜாஸ்தி, ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கணும். காத்திரு என்றேன். சரிடா என்றான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மெசேஜ்: "அந்தப் பையன் இன்னொரு கண்ணு எப்படி இருக்கு?"

அது நல்லா இருக்கு என்று பதில் போட்டேன். போன தீபாவளிக்கு போன் செய்தான். செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறானாம்.